பெயர் எழுதிய பானை, பெயரில்லாத பானை: மக்டலீன் ஒடுண்டோவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் படியிறங்கிக் கீழே போக வேண்டும். 2001இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில், 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைச் சூறையாடி எடுத்துவந்த வெண்கலத் தகடுகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. சில வருடங்களுக்கு முன்பு அங்கே போனபோது ஒரு பானையின் முன்னால் நின்றேன். பளபளப்புக்குக் கிளேஸ் பூசாத, தேய்த்துத் தேய்த்தே மெருகேற்றிய பானை. செய்தவர் மக்டலீன் ஒடுண்டோ. 1950இல் நைரோபியில் பிறந்தவர். 1971இல் இங்கிலாந்துக்குப் போய், அங்கேயே படித்து, ஃபார்ன்ஹாம் என்ற சிற்றூரில் பட்டறை வைத்து, அங்கேயே சுட்டுக்கொண்டிருப்பவர். இங்கிலாந்தில் வனைந்து இங்கிலாந்தில் சுட்ட பானை. ஆனாலும் அது இருப்பது கீழே, 'ஆப்பிரிக்கா'வில்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சள்ளென்று விழுந்தார். "பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தோட பேர்ல பட்டம் வாங்கினவங்களைப் பத்தி நம்ம பத்திரிகைல எதுக்குத் தோழர்? எழுத வேற ஆள் கெடைக்கலையா?" அவர் சொன்னது தப்பில்லை. ஒடுண்டோ 2008இல் ஓ.பி.ஈ. பட்டம் பெற்றார், 2020இல் 'டேம்' ஆனார். அவர் பிறந்து இரண்டு வருடத்தில், 1952இல், கென்யாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு மாவ் மாவ் போராளிகள் வேட்டையாடப்பட்டார்கள். அந்தச் சாம்ராஜ்யத்தின் பெயர்தான் பட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நண்பரின் கேள்விக்கு என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியபடிதான் போகிறது.

2

முதலில் வேலையைப் பார்ப்போம். விமர்சனம் என்கிற பெயரில் வேலையைப் பார்க்காமல் தத்துவம் பேசுகிற வழக்கம் நமக்கு அதிகம் (என்னையும் சேர்த்துத்தான்).

ஒடுண்டோ சக்கரத்தில் வனைவதில்லை. ஒரு களிமண் உருண்டையை எடுத்து, முஷ்டியால் குடைந்து, சுவரை மேல்நோக்கி இழுத்து வளர்க்கிறார். அதற்கு மேல் மண்ணைத் திரித்துக் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றி ஏற்றுகிறார். சுரைக்குடுக்கைச் சில்லால் உள்ளும் புறமும் சுரண்டிச் சுவரை மெலிதாக்குகிறார். காய்ந்தபின் கூழாங்கல் போன்றவற்றால் தேய்க்கிறார். நீர்த்த மண்குழம்பைப் பூசி மறுபடி தேய்க்கிறார். இது மணிக்கணக்கில், நாட்கணக்கில் போகிற வேலை. அதனால்தான் வருடத்துக்கு அவர் கையிலிருந்து வெளிவரும் பானைகள் மிகச் சில.

பிறகு சூளை. காற்று தாராளமாகப் புக விட்டுச் சுட்டால், மண்ணில் இருக்கிற இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து செம்மஞ்சளும் சிவப்புமாக வரும். கறுப்பு வேண்டுமென்றால் அதே பானையை மரச்சீவல்களோடு ஒரு மூடிய கலத்துக்குள் வைத்து இரண்டாம் முறை சுட வேண்டும். காற்று போதாமல் புகை மண்ணுக்குள் ஏறிக் கறுப்பாகும். எங்கே புகை படிந்தது, எங்கே விலகியது என்பதைப் பொறுத்துச் சில பானைகளில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே தீ ஓடிய தடம் அப்படியே நின்றுவிடும். அந்த இடத்தை வரைந்து வைத்தது ஒடுண்டோ இல்லை. ஆனால் அது வருவதற்கான வழியைத் திறந்து வைத்தவர் அவர்தான்.

தமிழ் வாசகருக்கு இது அந்நிய விஷயமே இல்லை. ஆதிச்சநல்லூரிலிருந்து கீழடி வரை கிடைத்திருக்கிற கறுப்பு–சிவப்புக் கலங்கள் இதே காற்று, புகைக் கணக்கில் உருவானவைதான். வாயும் உட்புறமும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. ஒடுண்டோவுக்கு அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. சிறுவயதில் சில காலம் தில்லியில் இருந்தவர் என்பதை வைத்து 'இந்தியத் தொடர்பு' ஜோடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. மண்ணும் தீயும் யாருக்கும் காப்புரிமை கொடுக்கவில்லை என்பதைச் சொல்ல மட்டும்தான்.

அவருடைய பானைகளின் அடிப்பாகம் மிகவும் குறுகலானது. பெரிய வயிறு, நீண்டு சாய்ந்த கழுத்து, அகன்று விரிந்த வாய். இத்தனையும் உள்ளங்கை அகலத்து அடியில் நிற்கும். விழுந்துவிடும் என்று தோன்றும். விழாது. பெரும்பாலான பானைகளுக்குத் தலைப்பு கிடையாது. 'தலைப்பற்றது', 'சமச்சீர் வரிசை', 'சமச்சீரற்ற வரிசை' என்று மொட்டையாகத்தான் இருக்கும். அடியில் மட்டும் 'ஒடுண்டோ' என்ற கீறலும் வருடமும்.

3

இந்தப் பானைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிமுகங்களைப் படித்தால் ஒரு சொல் தவறாமல் வந்து நிற்கும்: 'காலம் கடந்தவை'. கூடவே இன்னொன்று: 'பெண்ணுடலைப் போன்றவை'. இரண்டும் பாராட்டுகள்தான். ஆனால் பாராட்டுக்குள்தான் அதிகாரம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

இயோஹானஸ் ஃபேபியன் 1983இல் எழுதிய 'காலமும் மற்றமையும்' என்ற நூலில் மானுடவியலைப் பிடித்து உலுக்கியது இந்த இடத்தில்தான். தான் நேரில் சந்தித்துப் பேசிய மனிதர்களை, எழுத உட்கார்ந்ததும் மானுடவியலாளர் வேறொரு காலத்துக்குத் தள்ளிவிடுகிறார். அவருக்கு வரலாறு உண்டு. அவர்களுக்கு 'மரபு' மட்டும் உண்டு. அவர் மாறுகிறார், அவர்கள் 'தொன்றுதொட்டு' இருக்கிறார்கள். ஆப்பிரிக்கப் பானையைக் 'காலம் கடந்தது' என்கிறபோது நடப்பதும் இதுதான். காலத்தைக் கடந்துவிட்டதாகச் சொல்லி, அந்தப் பானையிடமிருந்து காலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். 1897க்கும் 1952க்கும் அதில் இடமில்லை. அகதியாகவோ மாணவியாகவோ கடல் கடந்து வருகிறவர்களின் 1971க்கும் இடமில்லை. அழகு மட்டும் மிச்சம்.

'பெண்ணுடல்' விஷயமும் அப்படியே. பானைக்கு வாய், கழுத்து, வயிறு என்று சொல்வது தமிழிலும் உண்டுதான். ஆனால் நம் வீட்டில் யாரும் பானையின் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. அதில் எத்தனை படி கொள்ளும் என்றுதான் பார்த்தார்கள். செய்தவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் பானை உடனே உடலாகிவிடுகிறது. ஓர் ஆங்கிலேய ஆண் இதே வடிவத்தைச் செய்திருந்தால் 'வடிவ ஒழுங்கு', 'கன அளவு' என்று எழுதியிருப்பார்கள்.

இங்கே வால்டர் பென்யமினோடும் சிறு சண்டை போட வேண்டியிருக்கிறது. 1936இல் எழுதிய 'கதைசொல்லி' கட்டுரையில், பானையில் குயவரின் கைத்தடம் பதிந்திருப்பது போலக் கதையில் சொல்பவரின் தடம் பதிந்திருக்கும் என்ற பொருளில் ஓரிடத்தில் சொல்கிறார். நம்மவர்கள் அந்த உவமையில் மயங்காத ஆளில்லை. நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் ஒடுண்டோவின் பானையில் கைத்தடம் எங்கே? அத்தனை நாள் தேய்த்து அவர் அழிப்பதே அதைத்தான். ஒரு விரல்ரேகை இல்லை. பென்யமின் கணக்குப்படி இது ஆலைப்பொருள் மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லையே! அழித்தலே உழைப்பாக, உழைப்பே தோலாக அந்த மண்ணின் மேல் ஏறியிருக்கிறது.

கைத்தடத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் மண் ஒட்டாதவர்கள். கைவினை என்றால் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் 'இயல்பாக' இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நகரத்து வாங்குபவரின் ருசி. தண்ணீர்ப் பானை செய்கிற பெண், தன் பானை துளி கோணாமல் வரவேண்டும் என்றுதான் பாடுபடுவாள். கோணினால் விலை போகாது. நேர்த்தியை மேல்நாட்டுக்கு உரியதாகவும் கோணலை நம்முடைய 'ஆன்மா'வாகவும் பங்கு பிரித்தது யார்?

4

ஒடுண்டோ எங்கே கற்றார் என்ற கேள்விக்கு வழக்கமான பதில் ஃபார்ன்ஹாம் கலைக்கல்லூரி, 1982இல் முதுகலை முடித்த ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்று போகும். ஆனால் இரண்டு கிழவிகளைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. 'கிழவி' என்ற சொல்லை மரியாதையாகவே பயன்படுத்துகிறேன்.

ஒருவர் நைஜீரியாவின் லாடி க்வாலி. 1925 வாக்கில் க்வாலி என்ற கிராமத்தில் பிறந்தவர். ஊரின் பெயர்தான் அவர் பெயரின் பாதி. தரையில் வைத்த பானையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே மண்திரியை ஏற்றி வளர்ப்பார். பல்லி, தேள் போன்ற உருவங்களைக் கீறுவார். காலனி அரசின் மட்பாண்ட அதிகாரியாக வந்திருந்த மைக்கேல் கார்டியூ, அபுஜா அமீரின் அரண்மனையில் அந்தப் பானைகளைப் பார்த்தார். தான் தொடங்கியிருந்த மட்பாண்டப் பயிற்சி நிலையத்தில் 1954இல் அவரைச் சேர்த்துக்கொண்டார். அங்கே சக்கரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். முதல் பெண் லாடி க்வாலி. 1974–75இல் மாணவியாக ஒடுண்டோ போனது இந்த நிலையத்துக்குத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஊரில் லாடி க்வாலி செய்தது குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளைகள் உள்ள தண்ணீர்ப் பானை. நீர் மெல்லக் கசியும், கசிந்த நீர் ஆவியாகும், உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும். நம் வீட்டு மண்பானையும் இதேதான். நிலையத்தில் அதே வடிவத்தை அதிகச் சூட்டில் சுட்டுக் கிளேஸும் போட்டார்கள். பானை கல் மாதிரி இறுகியது. துளைகள் அடைபட்டன. அழகு கூடியது, லண்டனுக்குப் போனது. ஆனால் தண்ணீரைக் குளிர்விக்காது. ஒரு பானை 'கலை' ஆவதற்குக் கொடுக்கிற விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் எனக்குத் தெரியாது. தாகத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கலை.

பின்னாளில் 20 நைரா நோட்டில் லாடி க்வாலியின் படம் வந்தது. பணநோட்டில் இடம்பிடித்த குயத்தி! ஆனால் க்வாலி கிராமத்தில் அவரோடு மண் மிதித்த பெண்கள்? அவருக்குக் கற்றுக்கொடுத்த சித்தி? நிலையத்துக்குள் வந்த அசிபி இடோ, காண்டே உஷாஃபா போன்ற சிலருக்குப் பெயர் இருக்கிறது. வெளியே நின்றவர்கள் 'க்வாரிப் பெண்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டார்கள். காலனி அதிகாரியின் கண் பட்ட இடத்தில் மட்டும் பெயர் முளைக்கிறது.

மற்றவர், நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபான்சோவில் வாழ்ந்த மரியா மார்ட்டினெஸ். பூர்வகுடிப் பெண். ஒடுண்டோ அங்கும் போய் அவருடைய வேலையைப் பார்த்திருக்கிறார். எரிகிற சூளையின் மேல் காய்ந்த சாணத்தூளைக் கொட்டி மூடிக் கறுப்பை வரவழைக்கிற முறை அவருடையது. கணவர் ஜூலியன் அதன்மேல் சித்திரம் எழுதுவார். 1920களில் வெள்ளைக்கார வியாபாரிகளுக்காகப் பானையில் கையெழுத்து போடுகிற வழக்கம் வந்தது. கையெழுத்துப் பானைக்கு அதிக விலை. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார்கள். மரியா அவர்களுடைய பானைகளிலும் தன் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்!

இந்த ஒரு செய்கைக்கு முன்னால் நம்முடைய 'ஆசிரியனின் மரணம்' சர்ச்சைகள் எல்லாம் கொஞ்சம் வெளிறிப்போகின்றன. பார்த் அந்தக் கட்டுரையை எழுதியது 1967இல். 'ஆசிரியன் என்பவன் யார்?' என்று ஃபூக்கோ கேட்டது 1969இல். அதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒரு பூர்வகுடிப் பெண், தன் பெயரை ஊர்ப்பொதுக் கிணறு மாதிரி திறந்துவிட்டிருக்கிறார். சந்தைக்கு ஆசிரியன் வேண்டுமா, எடுத்துக்கோ. எங்களுக்குள்ளே அது ஒரு முத்திரை, அவ்வளவுதான். சேகரிப்பாளர்களுக்கு இன்றைக்கும் அது தலைவலி. எது 'உண்மையான' மரியா?

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'பெயரே வேண்டாம், எல்லாம் கூட்டுப் படைப்பு' என்று கொடி பிடிக்கவும் என்னால் முடியாது. பெயர் இருக்கிறவர்கள்தான் பெயரைத் துறக்க முடியும். பாரிஸில் ஆசிரியன் செத்தது ஒரு விடுதலையாக இருக்கலாம். பிறக்கவே விடப்படாத ஆசிரியைகளுக்கு அந்த மரணச்செய்தியில் என்ன இருக்கிறது? ஒடுண்டோ பானையின் அடியில் தன் பெயரைக் கீறுவதை நான் இப்படித்தான் படிக்கிறேன். தனியுடைமை முத்திரை என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மியூசியம் 'ஆப்பிரிக்கா' என்று மேலே பலகை மாட்டும். அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே எழுதிய ஒரு பெயர் அந்தப் பலகையை மறுத்தபடி இருக்கும்.

5

2019இல் வேக்ஃபீல்டின் ஹெப்வர்த் கலைக்கூடத்தில் 'பொருட்களின் பயணம்' என்ற பெரிய கண்காட்சி நடந்தது. ஒடுண்டோவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகள். நடுநடுவே அவரே தேர்ந்தெடுத்த பொருட்கள்: பண்டைய கிரேக்கக் கலம், எகிப்தியப் பொருள், ஆப்பிரிக்கக் கலங்கள், ரோதானின் சிற்பம், பார்பரா ஹெப்வர்த்தின் சிற்பம். இதே 'உலகப் பொதுமை' கதையாடலை அவரும்தானே ஊதுகிறார் என்று அப்போது எனக்கு எரிச்சல் வந்தது.

யோசித்துப் பார்த்தபின் வேறு மாதிரி தோன்றுகிறது. 1907இல் பிக்காஸோ பாரிஸின் த்ரோகதேரோ மியூசியத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்தார். அவை 'நவீன ஓவியத்தின் மூலப்பொருள்' ஆயின. செய்தவர் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இந்தக் கண்காட்சியில் ஒரு கென்யப் பெண் ரோதானை எடுத்துத் தன் பானைக்குப் பக்கத்தில் 'மூலப்பொருளாக' வைக்கிறார். யார் யாரை அடுக்குவது என்பது சின்ன விஷயமில்லை. ஒரே வித்தியாசம், ரோதானின் பெயரை அவர் அழிக்கவில்லை.

2024இல், தன் 74ஆம் வயதில், நார்ஃபோக்கின் ஹௌட்டன் மாளிகையில் புதிய வேலைகளைக் காட்சிக்கு வைத்தார். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் 1720களில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. தென்கடல் கம்பெனி 1720இல் நொறுங்கியபோது அதைச் சமாளித்துத்தான் வால்போல் அதிகாரத்தின் உச்சிக்கு வந்தார். ஸ்பானிய அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை வைத்திருந்த கம்பெனி அது. அந்த வீட்டுக்குள், வெட்ஜ்வுட் ஆலையோடு சேர்ந்து செய்த பல அடுக்கு ஜாஸ்பர் மட்கலம் ஒன்றை ஒடுண்டோ வைத்தார். அடிமை வணிகத்தின் உருவங்கள் அதன்மேல் புடைத்து நின்றன.

வெட்ஜ்வுட் என்ற பெயர் தற்செயலாக வந்ததில்லை. ஜோசையா வெட்ஜ்வுட் 1787இல் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்துக்காக ஒரு சிறு பதக்கம் வார்த்தார்: விலங்கிட்ட கைகளோடு முழந்தாளிட்டுக் கெஞ்சும் கறுப்பின மனிதன். நல்ல நோக்கம்தான். அவருடைய கம்பெனியின் வியாபாரமோ தேநீர் மேசைப் பாத்திரங்களில் தழைத்தது. அந்த மேசைக்குச் சர்க்கரை வந்தது கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய ரத்தத்திலிருந்து. சர்க்கரைக் கிண்ணமும் அடிமை எதிர்ப்புப் பதக்கமும் ஒரே சூளையில் வெந்திருக்கின்றன. இதை முரண் என்று சொல்லித் தாண்டிப் போய்விடலாம். ஒடுண்டோ தாண்டவில்லை, அதே ஆலைக்குள் போய், அதே மண்ணில், அதே புடைப்பு முறையில் வேலை செய்தார். நாற்பது வருடம் பேசாத பானைகளைச் செய்தவர், எழுபதைத் தாண்டியபின் பானையைப் பேசவைத்தார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் 'பேசும்' வேலைதான் உடனே பிடிக்கும். அரசியல் வெளிப்படையாக இருக்கிறது, எடுத்துக்காட்டு சொல்ல வசதி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அடிமை வணிகத்தைச் சித்திரமாக்கி மாளிகைக்குள் வைத்தால், மாளிகை அதையும் அலங்காரமாக்கிச் செரித்துவிடாதா? டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர் குற்றவுணர்வை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தோட்டத்தில் தேநீர் சாப்பிடப் போகலாம். அதே நேரம், முழந்தாளிட்ட அந்தப் பதக்க மனிதனை மனதில் வைத்துக்கொண்டு ஒடுண்டோவின் பழைய, பேசாத பானைகளிடம் திரும்பினால், அவை வேறாகத் தெரிகின்றன. எதுவும் மண்டியிடவில்லை. உள்ளங்கை அகல அடியில் நிமிர்ந்து நிற்கின்றன. கெஞ்சவில்லை, கேட்கவில்லை, தன்னை விளக்கவும் இல்லை. 'ஆப்பிரிக்கா பேசட்டும், நாங்கள் பரிவோடு கேட்கிறோம்' என்று காத்திருக்கிறவர்களிடம் பேச மறுப்பதும் அரசியல்தான். புதிய வேலை பழைய வேலையைத் திறந்து காட்டியிருக்கிறது. முதுமையில் புதியதைச் செய்வதன் பயன் இதுவாகவும் இருக்கலாம்.

பட்டம்? நண்பரே, பட்டம் பட்டம்தான். ஜப்பானில் கவாய் கான்ஜிரோ அரசு தர வந்த கௌரவங்களை வேண்டாமென்று தள்ளினார். அது பெரிது. ஆனால் பெயரே மறுக்கப்பட்ட வரிசையிலிருந்து வருகிற ஒருத்தி, கிடைத்ததை வாங்கிக்கொள்வதை அதே தராசில் நிறுக்க எனக்குக் கை வரவில்லை. இதைச் சமரசம் என்பீர்கள். இருக்கட்டும்.

6

'இந்த வயசிலும்' என்று சொல்கிறார்கள். எழுபத்து நான்கு வயதில் ஒரு கலைஞர் புதிய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தால் அது செய்தி. அதில் ஒரு வியப்பு, ஒரு கைதட்டல். இந்த வியப்பு எனக்கு உறுத்துகிறது.

நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில். ஆதிச்சநல்லூர் ரொம்பத் தூரமில்லை. 1876இலேயே ஒரு ஜெர்மானியர், யாகோர், அங்கே தோண்டிக் கலங்களை பெர்லினுக்குக் கொண்டுபோன இடம். எங்கள் ஊர் வேளார் தெருவில் ஒரு கிழவி இருந்தார். எழுபதுக்கு மேலே இருக்கும். சக்கரம் ஆண்களுக்கு. பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது. கிழவி மண் மிதிப்பார், கல் பொறுக்குவார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த பானைக்கு அடிப்பாகம் இருக்காது. உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அந்த அடியைச் சேர்ப்பார். பானை பானையாவது அவர் கையில்தான். ஆனால் 'வனைந்தது' அவர் மகன் என்றுதான் சொல்வார்கள். மார்கழி பிறந்தால் பொங்கல் பானைகளைத் தலையில் சுமந்து வருவார். எங்கள் தெருவில் திண்ணைக்குக் கீழே வரிசையாக இறக்கி வைப்பார். அதுவும் கண்காட்சிதான். புது வேலைகள்தான். என் அம்மா ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று இரண்டைத் தள்ளி வைத்து, பேரம் பேசி, நெல் அளந்து போடுவார். 'இந்த வயசிலும்' என்று யாரும் வியக்கவில்லை. வேலை செய்யாவிட்டால் கஞ்சி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்குச் சாதனையாக இருக்கிற முதுமை இன்னொருத்திக்கு வெறும் வயிற்றுப்பாடு.

எங்கள் வீட்டில் அவரை "ஏ, பானைக்காரி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சின்னப் பையன், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை "வாங்கய்யா" என்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

நம்முடைய பழம்பெருமை பேசுகிறவர்கள் கீழடிப் பானை ஓட்டில் தமிழி எழுத்தைப் பார்த்துப் பூரிக்கிறார்கள். பூரிக்கட்டும். 'குவிரன் ஆதன்' என்று ஒரு பெயர். பானை ஓடுகளில் இப்படிக் கீறப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் சுட்டபின் கீறியவை, பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஈர மண்ணில் தன் பெயரைக் கீறிவிட்டுச் சூளைக்கு அனுப்பிய குயவர் எங்கே? புறநானூற்றில் தாழி செய்கிற குயவரை விளித்துப் பாடிய பாடல்கள் இருக்கின்றன. விளிப்பு இருக்கிறது, பெயர் இல்லை. அதே தொகுப்பில் 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேராக, தோற்றவனை உயர்த்திப் பேசத் துணிந்த கவிஞர். அவருக்கும் நாம் மிச்சம் வைத்தது ஊரும் தொழிலும் மட்டும். 'வெண்ணி', 'குயத்தி', பிறகு ஒரு மரியாதை விகுதி. லாடி க்வாலிக்கு ஊர்ப்பெயரோடு தன் பெயரும் சேர்ந்து கிடைத்தது. நம் கவிஞருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அதனால்தான் பிரிட்டிஷ் மியூசியத்தின் கீழ்த்தளத்தை நான் திட்டத் தொடங்கும்போதெல்லாம் பாதியில் நாக்கு இழுத்துக்கொள்கிறது. அவர்கள் ஒடுண்டோவைக் கீழே வைத்தார்கள். ஆனால் பெயர் எழுதி வைத்தார்கள். பெயர் எழுதும்படி அவர் செய்தார். நாங்கள் கிழவியைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம்; பானையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டோம். அதில் பொங்கினோம்.

நண்பருக்கு என் பதில் இதுதான்: ஒடுண்டோவைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இருந்த காரணம் ஒடுண்டோ மட்டுமல்ல. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பெயர்ச்சீட்டைப் படித்தபோது, படிக்கத் தவறிய இன்னொரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெயரை இனி யாரிடம் போய்க் கேட்பது? வேளார் தெருவில் இப்போது சூளை இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் திருப்பூரிலோ எங்கேயோ இருக்கலாம். கேட்டுப் போனால், "எதுக்குய்யா இப்போ?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு முதலில் பதில் தயார் செய்துகொள்ள வேண்டும்.